சவுண்டுக்குக் காது உண்டா?

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் படிக்கத் தவறியவர்களுக்காக நாலு வரி. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிற தங்கை ஒரு பாட்டுப் பாடினாள். அவளுடைய அண்ணன், நாம் எல்லோரும் ‘சவுண்டு’ என்று கூப்பிடும் அந்த மகானுபாவன், அதற்கு இசை சேர்த்தான். சேர்த்தவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே? சாப்பாட்டு மேஜையில், எல்லார் முன்னாலும், “உன் குரல்ல பஸ் வாடை அடிக்குது. காதல்னு நீ பாடினாகூட மூணாவது பிளாட்பாரம்னுதான் கேக்குது” என்றான். தங்கை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஆறு நாளாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். ‘சவுண்டு பாவம். வாராவாரம் அவனை ஏன் இப்படி வாங்கு வாங்கென்று வாங்குகிறீர்கள்? அவனும் ஒரு கலைஞன்தானே?’ அம்மணி, உங்கள் மனசு தங்கம். இந்த வாரத்தையும் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

இன்று வியாழக்கிழமை. மூன்று மணிக்கு டான்ஸ் மாஸ்டர் அம்மா முடிவு சொல்லப்போகிறார். அவருடைய நடனக் குழு ஆறு மாதம் ஊர் ஊராகப் போகிறது. கூடவே மேடையில் நின்று பாட ஒரு பெண் வேண்டும். தங்கையின் பாட்டு அவருக்குப் பிடித்துவிட்டால் அந்தப் பெண் தங்கைதான். பிடிக்காவிட்டால் போக இடமில்லை. அடுத்த மாதத்திலிருந்து பேருந்து நிலையத்தில் இயந்திரக் குரல் வருகிறது. எட்டு வருஷமாக அவள் உட்கார்ந்து பேசிய நாற்காலியை எடுத்துவிடப் போகிறார்கள்.

ஆக, அவளுக்கு இருப்பது இந்தப் பாட்டு ஒன்றுதான். அந்தப் பாட்டு இருப்பதோ சவுண்டின் கம்ப்யூட்டரில். அவள் தலையெழுத்தைப் பாருங்கள்.

காலை ஒன்பது மணி. சவுண்டு ஆபீசுக்குப் போகவில்லை. பிஸ்கட் டப்பாவுக்கு லேபிள் வரைவது அவன் உத்தியோகம். காதுவலி என்று காரணம் சொல்லி லீவு போட்டிருந்தான். வேறு எந்த உறுப்பைச் சொல்லியிருந்தாலும் நான் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பேன்.

படுக்கையறையின் ஒரு மூலைக்கு அவன் வைத்திருக்கும் பெயர் ஸ்டூடியோ. சுவர் முழுக்க முட்டை அட்டை. ஜன்னலுக்குக் குறுக்கே பழைய மெத்தை. எட்டு மாதமாக அந்த அறைக்குள் சூரியன் வரவில்லை. அண்ணி, அதாவது சவுண்டின் மனைவி, தன் புடவையின் நிறத்தைக் கூடத்துக்கு வந்துதான் பார்த்துக்கொள்கிறாள்.

கம்ப்யூட்டரில் இருநூற்றுப் பதினாலு ப்ளக்-இன் வைத்திருக்கிறான். ப்ளக்-இன் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பெரிய ஸ்டூடியோக்களில் பெட்டி பெட்டியாக இருக்கும் கருவிகளின் வேலையைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்கிற சின்ன மென்பொருள். குரலின் கரகரப்பைக் குறைக்க ஒன்று, ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய ஒன்று, கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆக்க ஒன்று. காது உள்ளவனுக்கு ஒரு குரலுக்கு மூன்று போதும். சவுண்டு தங்கையின் குரல்மேல் பதினொன்றை அடுக்கியிருந்தான். ஏன் என்று கேட்டால், வீடியோவில் ஒரு தாடிக்காரர் சொன்னார் என்பான். இதுவரை எத்தனை பாட்டு முடித்திருக்கிறாய் என்று கேட்டால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான்.

“ஒரு நிமிஷம் இங்க வாயேன்” என்று கூப்பிட்டான்.

அண்ணி கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போயிருந்தாள். திரும்பி வந்தாள். காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் காது சோதிப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு இருபது பேரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சன்னமாகச் சத்தம் அனுப்பி, கேட்டால் கை தூக்கச் சொல்லுவாள். இந்தப் பாட்டில் தங்கையின் குரலைப் பதிவு செய்ததுகூட அந்த அறையில்தான், ஒரு மத்தியான இடைவேளையில். பாட்டில் ஏதாவது நன்றாக இருந்தால் அது அந்த அறையின் புண்ணியம்.

“இப்ப கேளு… இரு… இப்ப கேளு. வித்தியாசம் தெரியுதா?”

“தெரியலையே.”

“நல்லா கேளு. கம்ப்ரஸர். நாப்பது நிமிஷமா இதை ஒண்ணை மட்டும் இம்மி இம்மியா திருகியிருக்கேன். குரல்ல ஒரு சூடு வந்திருக்கு பாரு.”

“சூடா?”

“அதெல்லாம் சாதாரண காதுக்குத் தெரியாது. பழகணும்.”

அண்ணி திரையைக் குனிந்து பார்த்தாள்.

“என்னங்க.”

“ம்?”

“இதுல மத்த எல்லாத்துலயும் பச்சை விளக்கு எரியுது. இதுல மட்டும் ஏன் எரியல?”

சவுண்டு பார்த்தான். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தான். ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிற அந்தக் கம்ப்ரஸர் அணைந்து கிடந்தது. பைபாஸ் என்பார்கள். குரல் அந்தப் பக்கமே போகாமல் வேறு வழியாக வந்துகொண்டிருந்தது. நாற்பது நிமிஷம் இம்மி இம்மியாக அவன் திருகியது எதையுமே இல்லை. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று அவனைப் பெற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

“எங்க ஆஸ்பத்திரிக்கும் இப்படி ஆளுங்க வருவாங்க” என்றாள் அண்ணி. “நான் சத்தமே அனுப்பியிருக்க மாட்டேன். டக்குனு கையைத் தூக்கிடுவாங்க. முகத்துல அப்படி ஒரு சந்தோஷம் வேற.”

“அவங்களுக்கு என்ன எழுதிக் குடுப்ப?”

“நம்பகமில்லைன்னு எழுதுவேன்” என்று சொல்லிவிட்டு அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வெட்கம் மானம் உள்ளவன் இந்த இடத்தில் என்ன செய்வான்? பதினொன்றில் எட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இருப்பதை ஒழுங்காகக் கேட்பான். நம் ஆள் பன்னிரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தான்.

அதன் பெயர் வைடனர். குரலை இடது காதுக்கும் வலது காதுக்குமாக விரித்துப் போடுகிற சாமான். கொஞ்சமாகத் திருகினால் குரல் அகலமாகக் கேட்கும். சவுண்டுக்குக் கொஞ்சம் என்ற சொல்லே தெரியாது. முழுக்கத் திருகினான். ‘இதைப் போட்டதும் ஒத்தை ஸ்பீக்கரில் ஒருதரம் கேட்டுப் பார்த்துவிடுங்கள்’ என்று தாடிக்காரர் எச்சரிக்கை செய்திருந்தார். அந்த இடம் வந்தபோது சவுண்டு வீடியோவை வேகமாகத் தள்ளிவிட்டிருந்தான். எச்சரிக்கையெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்பது அவன் எண்ணம்.

ஹெட்போனில் கேட்டான். தங்கையின் குரல் தலையைச் சுற்றி நாலாபக்கமும் நின்றது. இவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ‘நிஜமான கடைசி ஃபைனல் 9’ என்று பெயர் வைத்து, பதினொன்றரைக்கு டான்ஸ் மாஸ்டர் அம்மாவுக்கும் தங்கைக்கும் ஒரே மூச்சில் அனுப்பினான். ஆறு நாளுக்குப் பிறகு தங்கைக்கு எழுதிய கடிதம் ஒரே வார்த்தைதான்: ‘அனுப்பியாச்சு.’

பேருந்து நிலையத்தின் நடுவில், தரையிலிருந்து பத்துப் படி ஏறினால், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஓர் அறை. மைக், மணி, கால அட்டவணை, மேஜையில் ஒரேயொரு ஸ்பீக்கர். தங்கை அங்கேதான் இருந்தாள். பன்னிரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. போனை அந்த ஸ்பீக்கரில் செருகினாள்.

தாளம் ஆரம்பித்தது. பரவாயில்லையே என்று நினைத்தாள். அவள் நுழைய வேண்டிய இடம் வந்தது. தன்னையறியாமல் மூச்சை இழுத்தாள்.

அவள் வரவில்லை.

தாளம் இருந்தது. கம்பிக் கருவிகள் இருந்தன. சவுண்டு எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்திருந்த, குழாய் சொட்டுகிற சத்தம்கூட இருந்தது. மூன்றரை நிமிஷமும் கேட்டாள். ஒரு எழுத்து, ஒரு மூச்சு, ஒன்றும் இல்லை. குழாய்க்குக் கிடைத்த இடம்கூடத் தனக்குக் கிடைக்கவில்லை.

பஸ் வாடை அடிக்கிறது என்று சொன்னான். சொன்னதோடு நிற்காமல் சுத்தமாகத் துடைத்தே விட்டான் என்று முடிவு கட்டினாள். கூடப் பிறந்தவன் இப்படியும் பழி தீர்ப்பானா?

அந்த ஆத்திரத்தோடு மைக்கை அழுத்தி, நாலாவது பிளாட்பாரத்து வண்டியை ஏழாவதில் நிற்கிறது என்று அறிவித்தாள். நாற்பது பேர் மூட்டை முடிச்சோடு ஏழாவதுக்கு ஓடினார்கள். எட்டு வருஷத்தில் முதல் தப்பு. உடனே திருத்தி அறிவித்தாள். நாற்பது பேரும் கண்ணாடி அறையை நிமிர்ந்து பார்த்துத் திட்டிக்கொண்டே திரும்பி ஓடினார்கள். ஒரு மணிக்கு அடுத்த ஷிப்டுக்காரி வந்ததும், சாலையைக் கடந்து எதிரே இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“அண்ணி, அவன் என்னை வெட்டி எறிஞ்சுட்டான்.”

அண்ணி போனை வாங்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். புருவம் உயர்ந்தது.

“இருக்கியே! ரெண்டு காதுலயும் நெறஞ்சு நிக்கறியே!”

“விளையாடாதீங்க அண்ணி.”

தங்கை வாங்கிக் கேட்டாள். இருந்தாள். அண்ணி அறையிலிருந்த ஒற்றை ஸ்பீக்கரில் போட்டாள். இல்லை. மறுபடி ஹெட்போன். இருந்தாள். இடது காதில் மட்டும் வைத்துப் பார்த்தார்கள், இருந்தாள். வலது காதில் மட்டும் வைத்தாலும் இருந்தாள். இரண்டும் ஒரே ஸ்பீக்கருக்குள் சேர்ந்ததும் ஆளைக் காணோம்.

“அடப்பாவி மனுஷா” என்றாள் அண்ணி. “இடது பக்கத்துக் குரலும் வலது பக்கத்துக் குரலும் நேர் எதிரா நிக்குதும்மா. ஒரு கதவை இந்தப் பக்கம் ஒருத்தரும் அந்தப் பக்கம் ஒருத்தரும் சமமா தள்ளினா அது அசையுமா? அதான். ரெண்டும் ஒண்ணா சேர்ந்தா ஒண்ணுமே மிஞ்சாது. எதையோ விரிக்கறேன்னு கண்ணுமண்ணு தெரியாம திருகித் தொலைச்சிருக்காரு. வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு.”

“வேணும்னு செஞ்சிருந்தா தேவலையே அண்ணி. சண்டையாவது போடலாம். தெரியாமச் செஞ்சிருக்கான். அதுதான் எனக்குத் தாங்கல.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “டான்ஸ் மாஸ்டர் ஹால்லயும் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். தூண்ல கட்டி வச்சிருக்காங்க. நான் பாத்திருக்கேன்.”

அண்ணி கணவனுக்குப் போன் செய்தாள். “உடனே வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஒன்றே முக்காலுக்கு சவுண்டு வந்து சேர்ந்தான். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். என்ன தைரியம் இருந்தால் சிரிப்பான்!

“உங்க ஸ்பீக்கர் மட்டம். பாட்டைக் குறை சொல்றதுக்கு முன்னாடி நல்ல சாமானா வாங்கி வைங்க.”

“மட்டம்தான். நீங்க உள்ள போய் உக்காருங்க” என்றாள் அண்ணி.

“எதுக்கு?”

“காதுவலின்னு லீவு போட்டீங்கல்ல? சோதிச்சுடலாம்.”

கண்ணாடி அறையின் கனத்த கதவு மூடியது. உள்ளே நாற்காலியும் அதற்கு எதிரே ஒரு ஸ்பீக்கரும் மட்டும். வெளியிலிருந்து அண்ணி மைக்கில் பேசினாள். “தங்கச்சி குரல் எப்பல்லாம் கேக்குதோ அப்ப கையைத் தூக்குங்க. நின்னா இறக்குங்க. அவ்வளவுதான்.”

சவுண்டு கண்ணை மூடிக்கொண்டான். இசை நிபுணர்கள் கண்ணை மூடித்தான் கேட்பார்களாம்.

பாட்டு ஆரம்பித்தது. தங்கை நுழைய வேண்டிய இடம் வந்தது. ஸ்பீக்கரில் தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

சவுண்டின் கை மெதுவாக மேலே எழுந்தது.

முதல் அடி முடிகிற இடத்தில் சரியாக இறங்கியது. இரண்டாவது அடிக்கு மறுபடியும் எழுந்தது. அவள் ஒரு சங்கதி போட்டிருந்த இடத்தில் அவன் விரல் அதற்கேற்ப வளைந்தது. இசை மட்டும் வருகிற பகுதியில் கை மடியில் கிடந்தது. அவள் மூச்செடுத்த இடத்தில்கூட இம்மி பிசகவில்லை. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் பாட்டு அட்சரம் அட்சரமாக அண்ணனுக்கு மனப்பாடம் என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவன் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்பதால், வெளியே இருப்பதை அவன் கேட்கவே இல்லை என்பதும் தெரிந்தது. அவளுக்கு ஒரு நொடி இரக்கம்கூட வந்தது. எனக்கு வரவில்லை.

மூன்றரை நிமிஷம் முடிந்ததும் சவுண்டு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். “கேட்டேனே! பளிச்சுனு இருக்கு. உங்க மட்ட ஸ்பீக்கர்லயே அந்தச் சூடு தெரியுது.”

அண்ணி அதே பாட்டை அதே ஸ்பீக்கரில் கதவைத் திறந்துவைத்தே மறுபடி போட்டாள். தங்கையைப் பிடித்து அவனுக்கு நேரெதிரே நிறுத்தினாள்.

“இப்ப கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு இவளைப் பாத்துக்கிட்டே கேளுங்க.”

தாளம் வந்தது. குழாய் சொட்டியது. தங்கை வாயை மூடிக்கொண்டு நின்றாள். சவுண்டின் கை பழக்கத்தில் பாதி எழுந்து, அங்கேயே நின்றுவிட்டது.

“எங்க போச்சு?” என்றான்.

“அதைத்தான் நாங்களும் கேக்கறோம்.”

“ஒண்ணுமில்ல… வைடனர்தான்… அதை எடுத்துட்டா சரியாப் போயிடும். வீட்டுக்குப் போனா அஞ்சே நிமிஷம்.”

தங்கை ஆறு நாளில் முதல் தடவையாக அவனோடு பேசினாள். “அந்தம்மாவுக்கும் இதைத்தான் அனுப்பியிருக்கியா?”

அவன் போன் அடித்தது. டான்ஸ் மாஸ்டர் அம்மா. அண்ணி எட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பொத்தானை அழுத்தினாள்.

“தம்பி, பாட்டைக் கேட்டுட்டேன்பா. ஹால்ல போட்டதும் பொண்ணுங்க தானா எழுந்து ஆடிட்டாங்க. மத்தவங்க அனுப்பினதெல்லாம் ஆரம்பத்துலேருந்து யாராவது பாடிக்கிட்டே இருக்காங்க, ஆட இடமே இல்ல. நீ யாரையும் பாட விடாம, அங்கங்க வெறுமையா விட்டிருக்க பாரு, அதுக்குத் துணிச்சல் வேணும். இதைக் கேட்டப்புறம் பாடறதுக்கு ஆளே வேண்டாம்னு தோணுது. ஆமா, யோசிச்சுதானே இப்படிச் செஞ்ச?”

சவுண்டு மனைவியைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். ‘இல்லை’ என்பது மூன்றே எழுத்து. அதைச் சொல்ல எந்த ப்ளக்-இன்னும் தேவையில்லை.

“ஆமா மேடம்” என்றான். “யோசிச்சுதான். அது ஒரு டெக்னிக்.”

கடிதம் எழுதிய அம்மணி, இருக்கிறீர்களா?

அண்ணி மேஜையிலிருந்த சோதனைத் தாளை இழுத்து, கடைசிக் கட்டத்தில் ‘நம்பகமில்லை’ என்று எழுதி, கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் கோடு போட்டது இதுதான் முதல் தடவை.

தங்கை அண்ணன் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தினாள். எட்டு வருஷமாக மைக்கின் முன்னால் இழுக்கிற அதே மூச்சை இழுத்தாள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு.”

அதே அறிவிப்புக் குரலில் மேலே தொடர்ந்தாள்.

“தொழில்நுட்பக் கோளாறு காரணமாகப் பாட்டிலிருந்து தவறிப்போன குரல், இன்று பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் ஹாலுக்கு நேரில் வந்து சேரும். அதுவரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

நடைபாதையில் போய்க்கொண்டிருந்த நோயாளிகள் இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். சவுண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அண்ணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

“யாரும்மா நீ?” என்று கேட்டார் டான்ஸ் மாஸ்டர் அம்மா.

“அங்கங்க வெறுமையா இருக்குன்னு சொன்னீங்களே மேடம், அது நான்தான். அதே பாட்டை அதே ஸ்பீக்கர்ல போட்டு வைங்க. என் இடம் காலியாத்தான் இருக்கு.”

டான்ஸ் மாஸ்டர் அம்மா கறாராகச் சொன்னார்: “மூணு மணின்னா மூணு மணி. அதுக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன். அதுக்குள்ள எப்படி வந்து சேருவ?”

தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு. அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவனுக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“பஸ்லதான் மேடம். ரெண்டு பத்து வண்டி, மூணாவது பிளாட்பாரம்.”